கருவாட்டு ஐஸ்கிரீம்

ஐஸ்கிரீமில் கருவாடு போட்டவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ரசம் போட்டிருக்கிறேன், நீராகாரம் போட்டிருக்கிறேன், மாவடு ஊறிய தண்ணீரைப் போட்டிருக்கிறேன். இப்போது கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக அடுக்கி, 'புதுச் சுவை' என்று எழுதி வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அவர்கள் செய்வது ஊருக்கு விற்க. நான் செய்ததெல்லாம் ஒரே ஒரு ஆளுக்காக. அந்த ஆள் என் மனைவி.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-ல்தான் அந்த மிஷின் என் கைக்கு வந்தது. திருச்சி பொன்மலையில் ரயில்வே வேலையில் இருந்த ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, குடும்பம் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மற்றவர்கள் கட்டிலையும் அலமாரியையும் தூக்கிக்கொண்டு போக, நான் மூலையில் கிடந்த ஒரு மர வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாளிக்கு நடுவில் ஒரு தகர டப்பா, அதற்குள் மரத்துடுப்பு, மேலே பல்சக்கரம் வைத்த கைப்பிடி. டப்பாவில் பாலை ஊற்றி மூடி, சுற்றிலும் உடைத்த ஐஸையும் கல்லுப்பையும் மாற்றி மாற்றிக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே பால் இறுகி ஐஸ்கிரீம் ஆகிவிடும். கை கழன்று போகிற மாதிரி வலிக்கும். சுற்ற முடியாமல் பிடி கனத்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு அது. அவள் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஆளாளுக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கிட்டு வர்றாக. நீங்க போயி வாளி வாங்கிட்டு வந்திருக்கீக. நம்ம வீட்டுல வாளிக்கா பஞ்சம்?"

அந்த வாளிதான் பிறகு எங்களுக்குச் சோறு போட்டது. திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வியாபாரம் செய்து செழித்த குடும்பங்கள் நிறைய. ரங்கூன், பினாங்கு என்று பார்த்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு முடிந்ததும் பீங்கான் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கொடுப்பது பெருமையாக இருந்தது. எனக்கு ஐஸ், திருச்சியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வரும். உமியைக் கொட்டிச் சாக்கில் சுற்றி பஸ் மேலே போட்டிருப்பார்கள். கண்டக்டர் எங்கள் தெரு முனையில் விசில் ஊதி இறக்கிவிட்டுப் போவார். மழை பெய்தாலும், பந்த் என்றாலும், பஸ் ஓடினால் ஐஸ் வந்துவிடும்.

வேலையில் பாதி அவளுடையது. பாலைச் சுண்டக் காய்ச்சுவதும் சர்க்கரை போடுவதும் அவள்தான். நான் போட்டால் சரியாக வராது. "சூட்டுல ருசி பாக்குறப்ப திகட்டுற மாதிரி இருக்கணும், குளுந்தா இனிப்பு செத்துப்போகும்" என்பாள். அடுப்பிலிருந்து கரண்டியில் எடுத்து அப்படியே வாயில் விட்டுப் பார்ப்பாள். கொதிக்கிற பால்! எனக்குப் பார்க்கவே நாக்கு எரியும். அவளுக்கு எல்லாமே அப்படித்தான் வேண்டும். காப்பி அடுப்பை விட்டு இறங்கியதும் குடிக்க வேண்டும். சோறு ஆவி பறக்க வேண்டும். ரசத்தை ஊதாமல் உறிஞ்சுவாள். "ஒன் வாயி வாயா அடுப்பா?" என்று கேட்பேன். ஊரெல்லாம் ஐஸ்கிரீம்காரன் பொண்டாட்டி என்று பெயர். ஆனால் அவள் ஐஸ்கிரீம் சாப்பிட மாட்டாள். பல் கூசுகிறதாம். விளிம்பில் ஒட்டியதை விரலால் தொட்டுப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வதோடு சரி.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்கு, தட்டில் வைத்த பொங்கலைப் பாதியில் ஒதுக்கிவிட்டு எழுந்தாள். தொண்டையில் நிற்கிறது என்றாள். அள்ளி அள்ளித் தின்றால் நிற்காதா என்று கேலி செய்தேன். பிறகு இட்லி நின்றது. பிறகு குழைந்த சோறு நின்றது. காப்பியை உறிஞ்சியவள் ஒரு நாள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சூடு பட்டால் உள்ளே நெருப்பை வைத்த மாதிரி எரிகிறது என்றாள். திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, உணவு இறங்கும் குழாயில் கட்டி என்றார். வெட்டி எடுக்கிற இடத்தில் இல்லை, நிலையும் தாண்டிவிட்டது என்றார்.

"சூடா எதுவும் கொடுக்காதீங்க. குளுமையா, மெத்துன்னு இருக்கறதாப் பாத்துக் கொடுங்க. ஐஸ்கிரீம் மாதிரி. அது கொஞ்சம் மரத்துப்போக வச்சு உள்ள எறங்கும். உங்க ஊர்ல ஐஸ்கிரீம் கிடைக்குமா?"

அவருக்கு என் தொழில் தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, டாக்டர் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்கிறார் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஐஸ் வந்தது. எனக்குத் தெரிந்த ஐஸ்கிரீமையெல்லாம் செய்தேன். எசன்ஸ் போட்டது, ரோஜா போட்டது, வாழைப்பழம் பிசைந்து போட்டது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி. நாளாக ஆக அளவு குறைந்தது. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினாள்.

"எறங்கலையா?"

"எறங்குது. ஆனா தொண்டை வரைக்கும் பாகா இருக்குங்க. இனிப்பு, இனிப்பு, இனிப்பு. மனுசி எத்தனை நாளைக்கு இனிப்பையே தின்பா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் எனக்கு முதலில் வரும், மற்றதெல்லாம் பின்னால்தான். வேளாவேளைக்குக் கை வலிக்கச் சுற்றிக் கொடுக்கிறேன், உனக்கு வக்கணை வேறா என்று கத்திவிட்டு வாசலுக்குப் போனேன். வாசலில் நின்று அழுதேன். அவள் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

இரண்டொரு நாளில் மிஷின் சொதப்பியது. வாளியின் பக்கத்தில் ஒரு ஓட்டை உண்டு. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறாமல் அந்த வழியாக வெளியேற வேண்டும். ஐஸோடு வந்த உமி அதில் அடைத்துக்கொண்டுவிட்டது. நான் கவனிக்கவில்லை. உப்புத் தண்ணீர் மட்டம் ஏறி டப்பா மூடிக்குள் புகுந்துவிட்டது. திறந்து ருசி பார்த்தால் ஒரே உப்புக் கரிப்பு. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. மிஷினைத் திட்டிக்கொண்டே டப்பாவைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனேன்.

"என்னத்தைக் கொட்டப் போறீக? இங்கிட்டுக் கொண்டாங்க" என்றாள் கட்டிலிலிருந்து.

"உப்பாப் போச்சு."

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்தாள். கண் பெரிதாகியது. இன்னொரு கரண்டி கேட்டாள். அப்புறம் கிண்ணத்தையே கையில் வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் நிற்கவில்லை.

"உப்புங்க. உப்பு. எவ்வளவு நாளாச்சு!"

ஐஸ்கிரீம் என்றால் இனிப்பு என்று பதினைந்து வருஷமாக என் மண்டையில் ஆணி அடித்து வைத்திருந்தேன். பக்கத்தில் ஒருத்தி உப்புக்கு ஏங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்று ஆரம்பித்தன எங்கள் புதுச் சுவைகள்.

முதலில் மோர். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் நசுக்கிப் போட்டு, வடிகட்டி, சுற்றினேன். கல்லாக இறுகிவிட்டது. சர்க்கரைதான் ஐஸ்கிரீமை மெத்தென்று வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் மோரோடு சோறு வடித்த கஞ்சியைக் கலந்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. அவள் கட்டிலில் படுத்துக்கொண்டே உத்தரவு போட்டாள். "பெருங்காயம் பத்தல. குளுந்தா அதுவும் செத்துப்போகுது. எதையும் ரெண்டு பங்கு போடுங்க." படுத்துக்கிடந்தாலும் ருசி பார்க்கிற வேலையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆவூரிலிருந்து என் கொழுந்தியாள் உதவிக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு அக்காள் என்றால் உயிர். நான் அடுக்களையில் ரசஞ்சோற்றை ஆட்டுக்கல்லில் போட்டு அரைப்பதைப் பார்த்துவிட்டு, எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்துவிட்டாள்.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"ஐஸ்கிரீம்."

"ஏசுவே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அரைத்ததைத் துணியில் பிழிந்து சுற்றினோம். அவளும் கைப்பிடியில் கை கொடுத்தாள். மிளகும் சீரகமும் மணக்க, மஞ்சள் நிறத்தில் ஒரு ஐஸ்கிரீம். என் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தங்கச்சியைப் பார்த்து, "ஒங்க மச்சானுக்கு ரசம் வைக்கத் தெரிஞ்சிருச்சு, பாத்தியா? இனிமே நான் இல்லாட்டியும் பொழச்சுக்குவாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாங்கள் இருவரும் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் அங்கிட்டுப் போய்விட்டோம்.

பழைய சோற்று நீராகாரம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டது. அது நன்றாக இறங்கியது. ஆலங்குடிப் பக்கத்து முதல் பலாப்பழம் போட்டதை, "இது ஊர்ல எல்லாரும் செய்யலாமே, இதுல என்ன புதுசு" என்று தள்ளிவிட்டாள். மாங்காயும் மிளகாய்த்தூளும் போட்ட அன்று நான் செய்தது முட்டாள்தனம். ஐஸில் போட்டால் மிளகாய் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அது அடங்காது. தொண்டையில் போய் எரிந்து துடித்துப்போனாள். அன்று முழுக்க எதுவும் இறங்கவில்லை. நான் மிளகாய் டப்பாவை வீதியில் விட்டெறிந்தேன். மாலையில் அவளே, "மாங்கா நல்லாத்தான் இருந்துச்சு. பாவம், அது என்ன பண்ணும்" என்று சமாதானம் சொன்னாள்.

சாம்பல் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. தபசுக் காலம் என்கிற நாற்பது நாள் நோன்பு ஆரம்பித்தால், பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் மீன், கறி எதுவும் கிடையாது. அதற்கு முன்னால் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கொழுந்தியாள் ஆவுடையார்கோவில் போய், கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் நல்ல நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தாள். புளி ஊற்றிக் குழம்பு வைத்து, அரைத்து, வடிகட்டி, கஞ்சி சேர்த்துச் சுற்றினேன். வீடு மட்டுமல்ல, தெருவே மணத்தது. ஐஸ்கிரீம் சாம்பல் நிறத்தில், பார்க்கச் சகிக்கவில்லை. அவளோ கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். அந்த நோய் வந்த பிறகு அவள் கிண்ணத்தை வழித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரமே திருமயம் பக்கத்தில் ஒரு கல்யாணம். டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் காயவைத்தேன். கல்யாண வீட்டில் சுற்றி முடித்து மூடியைத் திறந்தால், எசன்ஸ் மணத்துக்கு அடியிலிருந்து நெத்திலி எட்டிப் பார்க்கிறது. சைவச் சமையல் நடக்கிற கல்யாண வீடு! ஒரு கிண்ணம்கூட எடுக்கவில்லை. அப்படியே கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டுக்கார ஆச்சி பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"என்ன தம்பி இது? பந்தி எந்திரிக்கப் போகுது, நீங்க கொல்லையில கொட்டிக்கிட்டிருக்கீங்க?"

பொய் சொல்ல எனக்கு வராது. "கெட்டுப்போச்சுங்க ஆச்சி. டப்பாவுல கருவாட்டு வாடை ஏறிருச்சு" என்றேன்.

ஆச்சிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைசியில், "ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள கருவாடு எப்புடி வரும்?" என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. ரசம், நீராகாரம், மிளகாய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி விறுவிறுவென்று உள்ளே போனார்கள். அவ்வளவுதான், நம் பிழைப்பு இந்த வீட்டோடு முடிந்தது என்று சாமான்களை ஏறக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன ஜாடியோடு திரும்பி வந்தார்கள்.

"மாவடு ஊறுன தண்ணி. பழசு, காரம் எல்லாம் அடங்கிருச்சு. உப்பும் புளிப்புந்தான் இருக்கும். மோர்ல கலந்து செஞ்சு பாருங்க. வாய்க்கு நல்லா இருக்கும்."

அது நன்றாகவே இருந்தது. கடைசிவரை அவளுக்கு அலுக்காமல் இருந்தது மாவடு ஐஸ்கிரீம்தான். நாற்பது நாளில் பாதி நாளை அந்த ஜாடி ஓட்டியது. அந்த ஆச்சியை நான் மறுபடி பார்க்கவில்லை. அந்த வீட்டிலிருந்து என்னைக் கூப்பிடவும் இல்லை.

சாம்பல் புதனுக்குப் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து நெற்றியில் சாம்பல் பூசினார். அவள் தபசு பிடிப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எதைத் தின்கிறாள், தபசு பிடிக்க? உடம்பு இறங்கிக்கொண்டே போனதால், ஒரு நாள் நாட்டுக்கோழி அடித்து, மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்து, ஐஸ்கிரீம் ஆக்கிக் கொண்டுபோனேன். மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"கோழியா? தபசு முடியட்டுங்க."

"நோயாளிக்கு ஏது தபசு? ஒரு கரண்டி சாறு, அதுவும் ஐஸ்கட்டி! இதைச் சாமி கணக்குல வைக்கப் போறாரா?"

"வைக்க மாட்டாரு. நான் வச்சிருக்கேன்."

கத்தினேன். கொழுந்தியாள் அக்காள் பக்கம் சேர்ந்துகொண்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய் சாமியாரையே கூட்டிவந்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். "நோயில படுத்தவங்களுக்குத் திருச்சபை விலக்கு கொடுத்திருக்கும்மா. தாராளமாச் சாப்பிடு" என்று என் எதிரிலேயே சொன்னார். அவள் படுத்தபடியே கைகூப்பினாள்.

"நீங்க சொல்றது சரிங்க சாமி. ஆனா நான் மாதாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்னத்தைச் சொன்னே?" என்றேன் நான்.

"அது அவுகளுக்கும் எனக்கும். பாஸ்கா அன்னைக்கு இதே கோழிச்சாறு செஞ்சு கொடுங்க. கண்டிப்பாச் சாப்புடுறேன்."

அவள் மாதாவிடம் என்ன கேட்டாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பாஸ்கா வர இன்னும் எத்தனையோ நாள் இருந்தது, அவள் கை என் விரல் பருமனுக்கு வந்துவிட்டது என்பதுதான். மாவடும் மோரும் நீராகாரமுமாக அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனோம். தினம் காலையில் பஸ் விசில் கேட்டதும் ஓடுவேன். கிண்ணத்தில் பாதி, பிறகு கால், பிறகு நாலு கரண்டி. ஒவ்வொரு கரண்டி இறங்கும்போதும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நானும் சேர்ந்து விழுங்குவேன். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலும் கொடுத்தாகிவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். அதற்கும் சண்டை போட்டேன்.

ஈஸ்டர் வந்தது. அவள் இருந்தாள். காலையில் சாமியார் கொண்டுவந்த நன்மை அப்பத்தில் ஒரு துணுக்கை தண்ணீரோடு வாங்கிக்கொண்டாள். நான் விடியும் முன்பே கோழி அடித்துச் சாறு வைத்துவிட்டேன். எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த சாறு! பாதியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பாதியை டப்பாவில் ஊற்றிச் சுற்றினேன். எத்தனையோ கல்யாணத்துக்குச் சுற்றியிருக்கிறேன், அன்றைக்குப் போலக் கவனமாக ஒரு நாளும் சுற்றியதில்லை. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு கரண்டி வாங்கினாள். நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மெல்ல இறங்கியது.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

இன்னொரு கரண்டி நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அடுப்பின் மேல் சட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"சூடா ஒரு வாய் கொடுங்களேன்."

"எறங்காதே புள்ள. எரியும்."

"தெரியும். நீங்க செஞ்சது எல்லாமே ருசிதாங்க. ஒண்ணும் கொறை சொல்லல. ஆனா எல்லாமே சில்லுன்னு இருக்கு. சூடா ஏதாச்சும் சாப்புடணும்போல இருக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாளும் உப்பைத் தேடினேன், புளிப்பைத் தேடினேன், கருவாட்டைத் தேடினேன். அவள் வாய் தேடியது சூட்டை. கொதிக்கிற பாலை வாயில் விட்டுப் பார்த்தவள் அவள். அவளைப் பதினைந்து வருஷம் பார்த்தவன் நான். எனக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? ஐஸ்கிரீமில் எதை வேண்டுமானாலும் போடலாம். அதை மட்டும் போட முடியாது.

வழி சொன்னவள் கொழுந்தியாள். "அக்காவுக்கு வேது பிடிக்கலாம் மச்சான்" என்றாள். சளி பிடித்தால் கொதிக்கிற தண்ணீரை முன்னால் வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடிப்போமே, அது. சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் என் மனைவியை நிமிர்த்தி மார்பில் சாய்த்துக்கொண்டேன். சட்டியை மடிக்கு முன்னால் பலகையில் வைத்து, எங்கள் மூன்று பேர் தலைக்கும் சேர்த்துப் போர்வையைப் போட்டோம்.

உள்ளே இருட்டு. மிளகும் கோழியும் மணக்கும் ஆவி. அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஆவி வாய்க்குள் போகப் போக, நான் தடவிப் பார்த்து ஒரு கரண்டி ஐஸ்கிரீமை அவள் நாக்கில் வைத்தேன். விழுங்கினாள். திரும்ப வாயைத் திறந்தாள். மறுபடி ஆவி, மறுபடி ஒரு கரண்டி. போர்வையை விலக்கியபோது மூன்று பேர் முகமும் நனைந்திருந்தது. வேர்வை எது, கண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. அவள் முகம் மட்டும் சிவந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாதவள் மாதிரி இருந்தது.

"இப்பத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அப்படித்தான். காப்பியில் ஒரு பங்கு ஐஸில், ஒரு பங்கு ஆவியில். ரசத்திலும் அப்படியே. வெறும் சுடுசோற்றை வடித்துக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே காட்டச் சொல்வாள். கரண்டி நாளுக்கு நாள் குறைந்தது. ஆவி மட்டும் குறையவில்லை. கடைசி நாட்களில் ஐஸ்கிரீம் கிண்ணத்திலேயே கரைந்துபோகும், போர்வைக்குள் அவள் வாயைத் திறந்தபடி இருப்பாள்.

சித்திரை வெயில் தீயாகக் கொளுத்திய ஒரு காலையில் போய்விட்டாள். நான் வெதுவெதுப்பான துணியால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே.

துக்கத்துக்கு ஆட்கள் வர ஆரம்பிக்கும் நேரத்தில் தெரு முனையில் விசில் சத்தம். பஸ் வழக்கம்போல ஐஸை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வேண்டாம் என்று யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? யாரோ சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். கொழுந்தியாள் அழுத கண்ணோடு என்னிடம் வந்தாள்.

"மச்சான், அண்ணன் கோயமுத்தூர்லேருந்து வரணும். நாளைக்குக் காலையில ஆயிரும். இந்த வெயிலுக்கு வச்சிருக்க முடியாது. ஐஸுதான் வந்து கெடக்குல்ல, ஒடச்சுக் கட்டிலுக்கு அடியில வைக்கட்டுமா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஐஸ்கிரீம்காரன் வீட்டில் அதற்கு யாரும் யோசிக்கக்கூட வேண்டியதில்லை. உளி, சுத்தி, சாக்கு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. இரண்டு பேர் சாக்கை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"தொடாதீங்க" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "அவ குளுந்தது போதும். இனிமே ஒரு துண்டு ஐஸ் அவ பக்கத்துல வரக்கூடாது. இன்னைக்கே எடுத்துருவோம்."

சாமியார் சொன்னார், பெரியவர்கள் சொன்னார்கள், கொழுந்தியாள் என் காலைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கூடப் பிறந்தவன் முகம் பார்க்க வேண்டாமா என்று அழுதாள். நான் அசையவில்லை. சாயங்காலமே அடக்கம் செய்தோம். மறுநாள் காலையில் வந்து இறங்கிய மைத்துனர் கல்லறை மண்ணைத்தான் பார்த்தார். அதன் பிறகு சாகிறவரைக்கும் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது. இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் நான் அதையேதான் செய்வேன்.

ஐஸ் வாசலிலேயே கிடந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து, வந்தவர்கள் செருப்புகளை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. சவப்பெட்டியை எடுக்கும்போது சாக்குக்குள் உமிதான் மிச்சம் இருந்தது.

மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கூரை ஓட்டுக்கு அடியில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பகல் முழுக்க அந்த வெக்கையில் கிடந்தவள். நான் அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது.